செயில்கான் உடைத்த ஏழு வட்டங்கள்

என் அண்ணன் மனைவி செயில்கான் முப்பது வருஷத்தில் என் பெயரை ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். புருஷன் வீட்டு ஆண்களின் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் கிர்கிஸ் மலைப்பக்கத்து வழக்கம். மற்றப் பெண்கள் ‘சின்னவரே’, ‘வீட்டுக்காரரே’ என்று மரியாதையாகச் சமாளிப்பார்கள். என் மதினியிடம் அந்த மரியாதையெல்லாம் நடக்காது. மேட்டில் ஏறும்போது என் பழைய வேன் கக்கும் புகையைப் பார்த்துவிட்டு எனக்குப் ‘புகைச்சல்’ என்று பெயர் வைத்தாள். ஷர்ஷென் என்ற என் சொந்தப் பெயர் இன்றைக்குக் கரா-தெரெக் ஊரில் தபால்காரருக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

போன மாதம் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து இரண்டு பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அவள் குதிரைப் பால் கறப்பதை நாலு பக்கத்திலிருந்து படம் எடுத்துக்கொண்டு போய், ‘மலையைக் காத்த வீரப்பெண்’ என்று எழுதினார்கள். படித்துவிட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் காத்தாள் என்பது உண்மை. அதற்கு முன்னால் கெடுத்ததும் அவள்தான், அதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அந்த வரியை எடுத்துவிட்டால் உப்பில்லாத சூப்புதான் மிச்சம். அதனால் நானே எழுதுகிறேன்.

செயில்கானுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. குள்ளம், தடித்த விரல்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேயும் ஆட்டைக்கூடத் திருப்புகிற குரல். பள்ளிக்கூடம் முடித்தாள், கல்யாணம் செய்தாள், ஒரு மகனைப் பெற்றாள், முப்பது கோடைகளைத் தாஷ்-பெஷிக் மேய்ச்சல் மலையில் கழித்தாள். அங்கே பனி உருகி ஊறும் சதுப்பு ஒன்று இருக்கிறது. கோடை முழுக்கக் கால் வைத்தால் சளக்சளக்கென்று சத்தம் வரும். எங்கள் ஊர்க் குழாயில் வருவது அந்தத் தண்ணீர்தான்.

கூடாரம் போடுவதில் எங்களுக்கு ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. கம்பளிக் கூடாரத்தைப் பிரித்தால் அடியில் மஞ்சளாக ஒரு வட்டம் இருக்கும். அடுத்த வருஷம் அந்த வட்டத்தின் மேல் யாரும் கூடாரம் போடக் கூடாது. கோடைக்குள்ளேயே இரண்டு தடவை இடம் மாற்றுவதும் உண்டு. மண் மூச்சு விட்டுக்கொள்ளும், அடுத்த கோடையில் அந்த வட்டம்தான் சுற்றுவட்டாரத்திலேயே பச்சையாக இருக்கும். ஒரு வீட்டுக்காரி எப்படிப்பட்டவள் என்று அவள் விட்டுப்போன வட்டத்தைப் பார்த்தே எங்கள் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கட்டுப்பாட்டை முதன்முதலில் மீறியவள் என் மதினி.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு நடைப்பயணிகள் எங்கள் மலைக்கு வர ஆரம்பித்தார்கள். செயில்கான் ஒரு கூடாரத்தைத் துடைத்து, மெத்தை விரித்து, போர்சோக் மாவுத்துண்டு பொரித்துப் போட்டு அவர்களைத் தங்க வைத்தாள். மறுவருஷம் அதே இடம்தான் வேண்டும் என்று கடிதம் வந்தது, ஏனென்றால் வாசலைத் திறந்தால் நேர் எதிரே பனிச் சிகரம். முதலில் பலகை போட்டாள். பலகை உளுத்தது. பிறகு என் வேனிலேயே சிமெண்ட் மூட்டை ஏற்றி வந்து ஏழு வட்டத் தளம் போட்டாள். எந்த மூட்டையையும் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, வாடகை வாங்கிக்கொண்டேன். ஏழு கூடாரமும் அசையாமல் நின்றன. கடைசி வட்டத்தின் பின் ஓரத்தில் மின்சாரத்துக்கு ஒரு சின்ன டீசல் மிஷின் வைத்தாள்.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா. ஒருத்தி புதுக் கம்பளம் விரித்தால் அடுத்தவளுக்குப் பழைய கம்பளம் உறுத்தும். நாலைந்து வருஷத்தில் ஓடைக்கரையில் நாற்பது சிமெண்ட் வட்டம். புல் தேய்ந்து கட்டாந்தரையானது. குதிரைகள் ஓடைத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு மேலே ஏறிப் போய்க் குடித்தன. அதை நாங்கள் எல்லோரும்தான் பார்த்தோம். குதிரைக்கு என்ன கொழுப்பு என்று ஒருவர் திட்டவும் செய்தார்.

அப்போதுதான் கம்பெனி வந்தது.

ஏப்ரல் மாதம், பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம். பனிச்சறுக்கு மையம், கோடையில் நாற்காலி ரோப்கார், எண்பது அறை ஹோட்டல் என்று வரைபடத்தைச் சுவரில் காட்டினார்கள். ஹோட்டலும், வண்டி நிறுத்தும் இடமும், மிஷின் கொட்டகையும் சதுப்பின் மேலேயே உட்கார்ந்திருந்தன. காட்டியவர் தோலோத் என்ற இன்ஜினியர், நாரின் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுகிற ஆள். நூற்றிருபது பேருக்கு வேலை என்று அவர் சொன்னதும் பாதி மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நிமிராமல் எப்படி இருக்கும்? எங்கள் ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறார்கள். என் மதினியின் மகன் மிர்லானும் அங்கேதான் இருந்தான். கூட்டத்துக்கு முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தான், “அம்மா, வர்ற வேலைய வாயால வெரட்டிடாத. எனக்கு ஊருக்கு வரணும்.”

அவளுக்கு மகனும் வேண்டும், சதுப்பும் வேண்டும். சிக்கல் மொத்தமும் அவ்வளவுதான். ஆனால் எழுந்து நின்றபோது அவள் வாயில் கோபம் மட்டும்தான் வந்தது.

“இது எங்க வீடு தம்பி,” என்றாள். “நாங்க படுக்குற இடத்துல, குடிக்கிற தண்ணி மேல, சிமெண்டக் கொண்டாந்து கொட்ட உங்களுக்கு யாரு உரிமை குடுத்தது?”

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. நானும் தட்டினேன். தோலோத் முகம் சுளிக்கவில்லை. கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்துவிட்டு அடுத்த படத்தைப் போட்டார். தாஷ்-பெஷிக்கை வானத்திலிருந்து எடுத்த படம். பச்சை மலையில் ஓடையை ஒட்டி நாற்பது வெள்ளை வட்டங்கள், சட்டையில் பொத்தான் தைத்த மாதிரி வரிசையாக.

“மேல இருந்து முதல் ஏழும் யாரோடதுங்கக்கா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது. மற்ற முப்பத்து மூன்று வட்டத்துக்காரர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவள் முதுகைச் சுவர் அகலத்துக்கு விரித்துக் காட்டிவிட்டார்கள். என் அண்ணன் மமிர்குல் தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். உட்கார்ந்துவிடு மதினி என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

அவள் உட்காரவில்லை. படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். முகம் சிவந்து, காது வரைக்கும் சிவந்தது.

“என்னோடதுதான்,” என்றாள். “அதப் பேத்து எடுத்துட்டா புல்லு வருமா?”

அந்த உயரத்தில், சிமெண்ட் கிடந்த மண்ணில், இருபது வருஷமாவது ஆகும் என்று தங்கள் அறிக்கை சொல்வதாகத் தோலோத் சொன்னார். ஆகவே மலை ஏற்கெனவே கெட்டதுதான், கெட்ட இடத்தில் கட்டுவதில் நஷ்டமில்லை என்பது கம்பெனியின் கணக்கு. அதைக் கேட்டதும் அவளுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

“எனக்கு ரெண்டு கோடை குடு. என் ஏழு வட்டத்துலயும் புல்லு வந்துருச்சுன்னா, தூக்க முடியாத எதையும் நீ அந்த மலையில வைக்கக் கூடாது. கூடாரம் மாதிரி எறக்கி ஏத்துற சாமானா இருந்தா வச்சுக்க. ஒரு வட்டம் வரலேன்னாலும் முதல் கையெழுத்து நான் போடுறேன், என் எடத்துலயே ஒன் ஹோட்டலக் கட்டிக்க.”

மேய்ச்சல் நிலம் எங்கள் ஊர்க் குழுவின் கையில் இருக்கிறது. குழுத் தலைவர் கச்கின், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்கிற மனிதர். முடிவைத் தள்ளிப்போட ஒரு சாக்குக் கிடைத்ததே என்று அவருக்குத் தேன் குடித்த மாதிரி ஆகிவிட்டது. எப்படியும் அரசாங்க அனுமதி வர ஒன்றரை வருஷம் ஆகும், அதுவரை பொறுப்போம் என்றார். தோலோத் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து மதினிக்குக் கை கொடுத்தார். தானே வந்து அளப்பதாகச் சொன்னார். தான் தோற்கப்போவதாக அவர் நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நினைக்கவில்லை.

ஜூன் மாதம் மலைக்கு ஏறிய முதல் நாளே அவள் கடப்பாரையை எடுத்தாள். அண்ணன் உடைக்க, நான் அள்ள, அவள் இரண்டு பேரையும் திட்ட, ஒன்பது நாளில் ஏழு வட்டமும் என் வேனில் ஏறி ஊருக்கு இறங்கின. அந்தச் சில்லுகளைப் போட்டுத்தான் பள்ளிக்கூடத்துப் பாதையில் சேறு இல்லாமல் செய்தோம். கூடாரங்களை நானூறு அடி தள்ளி, காய்ந்த மேட்டில் போட்டாள். அங்கிருந்து சிகரம் தெரியாது, ஒரு பாறை தெரியும். பிஷ்கெக் பயண ஏஜென்சி ஒன்று, படத்தில் இருந்த காட்சி இல்லை என்று அந்தக் கோடை முழுக்க ஆள் அனுப்பவில்லை. பாறையைப் பார்க்க யார் வருவார்கள் என்று அடுத்த கூடாரக்காரர்கள் கேட்டார்கள். நடந்து பார்த்தால்தானே சிகரம் சிகரமாகத் தெரியும், படுத்துக்கொண்டே பார்த்தால் அது சுவரில் மாட்டிய படம் என்று மதினி சொன்னாள். சொன்னாளே தவிர, காலியான கூடாரங்களைத் தினமும் கூட்டிப் பெருக்கும்போது அவள் முகம் நன்றாக இல்லை.

சிமெண்டை எடுத்த இடம் சாம்பல் நிறத்தில், தட்டினால் ஓசை வரும்படி இறுகிக் கிடந்தது. அவள் யோசனை எளிமையானது. ஒவ்வொரு வட்டத்திலும் மூன்று இரவு ஆட்டுக்கிடை போடுவது. குளம்பு மண்ணைக் கொத்தும், புழுக்கை உரமாகும், நாலாம் நாள் கிடையை மாற்றிவிடலாம். மூன்றே இரவு, அதற்கு மேல் ஒரு இரவுகூடக் கூடாது என்று அண்ணனிடம் விரல் விட்டுச் சொல்லிவிட்டு, அவள் தங்கை மகளின் பிரசவத்துக்காக ஊருக்கு இறங்கினாள்.

அண்ணன் நல்ல மனிதர். ஆனால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் குதிரைமேல் இருந்தபடி ஆட்டுக்கடாவை இழுத்துப் பறிக்கும் பந்தயம் நடக்கிறது என்றால் அவருக்கு உலகம் மறந்துவிடும். ஒரு நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் இரண்டாம் நாள் தானே குதிரையில் ஏறி விளையாடி, காலைச் சுளுக்கிக்கொண்டு, பன்னிரண்டாம் நாள்தான் வந்தார். அதுவரை ஆடுகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் கூடாரத்துப் பையன், அண்ணன் அடைத்துவிட்டுப் போன அதே மூன்று வட்டத்திலேயே அவற்றை அடைத்து வந்தான். புழுக்கை முழங்கால் வரை. அதிக உரத்தில் என்ன முளைக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாததல்ல. ஆகஸ்டில் அந்த மூன்று வட்டத்திலும் இடுப்பளவு காஞ்சொறி நின்றது. தொட்டால் அரிக்கும் அந்தச் செடிக்கு ஊரே ‘செயில்கான் தோட்டம்’ என்று பெயர் வைத்தது.

அவள் அண்ணனை என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. மூன்று நாள் கழித்துக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு காஞ்சொறியை வேரோடு பிடுங்கினாள். இளங்கொழுந்தைக் கிள்ளி, ஆட்டுக்கறியோடு போட்டு, சூப்பு வைத்தாள். அந்த வாரம் வழி தவறி வந்து சேர்ந்த நாலு செக் நாட்டுக்காரர்கள் அதைக் குடித்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். மறு கோடையில் அந்தச் சூப்புக்காகவே பதினாறு பேர் வந்தார்கள். ‘தோட்டம் நல்லா வெளஞ்சிருக்கு’ என்று கிண்டல் செய்தவர்களிடம், “சூப்பு வேணும்னா கிண்ணத்தோட வா, சும்மா வாயோட வராத,” என்று சொல்லி அனுப்பினாள்.

அக்டோபரில் ஊரில் வீடு வீடாகப் போனாள். வைக்கோல் கொட்டகைத் தரையைக் கூட்டினால் கிடைக்கும் தூசியும் பொட்டும்தான் அவள் கேட்டது. எங்கள் மலைப்புல்லை அறுத்துத்தான் வைக்கோல் போடுகிறோம், ஆகவே அந்தக் குப்பையில் இருப்பது மலையின் சொந்த விதை. குப்பை கேட்டு வருகிறாள், பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். பைத்தியத்துக்குக் கொடுத்தால் புண்ணியம் என்று மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். பதினேழு மூட்டை. முதல் பனிக்கு முந்தின நாள் ஏழு வட்டத்திலும் தூவி, ஆடுகளை மேலே ஒரு நடை நடக்கவிட்டு, பனி மூடுவதற்குள் இறங்கிவிட்டோம்.

மறு ஜூன் மாதம் என் வேன் கடைசி வளைவில் திரும்பியதும் மதினி கதவைத் திறந்து குதித்துவிட்டாள். வண்டி நின்றிருக்கவில்லை. ஓடினாள். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தால், முதல் வட்டத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். விரல் நீளத்துக்குப் புல். அடுத்த வட்டத்திலும் புல். அதற்கடுத்ததில் மஞ்சள் பூகூட ஒன்று. ஆறு வட்டம் ஓடிப் பார்த்தாள். வெட்கப்படாமல் சொல்கிறேன், நான் அழுதுவிட்டேன்.

ஏழாவது வட்டம் கறுப்பாகக் கிடந்தது. டீசல் மிஷின் நின்ற இடம் அது. எண்ணெய் சொட்டிச் சொட்டி ஊறிப்போன மண். ஒரு முழம் தோண்டி அந்த மண்ணை எடுத்துவிட்டு வேறு மண் போட்டாள். விதை தூவினாள். அடியிலிருந்து கறுப்பு மறுபடி ஏறிவந்தது. இப்படியே ஜூலை பிறந்தது, அளக்க வர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அப்போது நான்தான் சொன்னேன், குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். “மதினி, சதுப்போரத்துல புல்லு கத்தையா இருக்கு. மண்ணோட நாலு துண்டு வெட்டியெடுத்து இங்க பதிச்சிடுவோம். யாருக்குத் தெரியும்?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் வேனே நின்றிருக்கும்.

“ஒட்டலாம் புகைச்சல். வெட்டுன எடத்துல புதுசா ஒரு வட்டம் வருமே, அத எங்க கொண்டு ஒளிப்ப?”

ஜூலை பத்தாம் தேதி தோலோத் வந்தார். கூடவே கம்பெனியின் கோட்டுப் போட்ட ஆள் ஒருவர், கச்கின், குழுவினர், பாதி ஊர். தோலோத் கம்பிச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, அதற்குள் எத்தனை முளை என்று எண்ணினார். முதல் வட்டத்தில் இரண்டு தடவை எண்ணினார். மூன்றாவதில் மண்டி போட்டு விரலால் வேரைத் தோண்டிப் பார்த்தார், பதித்ததா முளைத்ததா என்று. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆறும் முடிந்தபோது அவர் நிமிர்ந்து, இருபது வருஷம் என்று எழுதியவர் ஒருநாளும் ஆடு மேய்த்ததில்லை போல என்றார். ஊர் சிரித்தது. ஏழாவதை யாரும் கேட்கவில்லை. மேடு மறைத்திருந்தது, எல்லோரும் கிமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால் குடிக்கக் கூடாரத்துப் பக்கம் திரும்பியும் விட்டார்கள்.

“இன்னொண்ணு இருக்கு,” என்றாள் மதினி.

நான் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறை. அவள் முன்னால் நடந்து எல்லோரையும் அந்தக் கறுப்பு வட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். கோட்டுக்காரர் முகம் மலர்ந்தது. ஏழு என்றுதானே பேச்சு என்று கச்கினிடம் சொன்னார். கச்கின் மெல்ல, காற்றடிக்கும் பக்கம் முதுகைத் திருப்ப ஆரம்பித்தார்.

“பேச்சு ஏழுதான். நான் தோத்துட்டேன்,” என்றாள் மதினி. “பேப்பரக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்.”

எருமை மாதிரி நின்றிருந்த என் அண்ணன்கூட நிமிர்ந்து பார்த்தார். தோலோத் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார்.

“எவ்ளோ எண்ணெய்க்கா கொட்டுச்சு?”

“கொட்டல தம்பி. சொட்டுச்சு. சின்ன மிஷின்தான். ஒரு நாளைக்கு ரெண்டு சொட்டோ, மூணு சொட்டோ. சிமெண்டுக்கு மருந்து ஆட்டுக்கிட்ட இருந்துச்சு. இதுக்கு யாருகிட்டயும் இல்ல.”

தோலோத் கையிலிருந்த வரைபடத்தை விரித்தார். நான் பக்கத்தில் நின்றதால் பார்த்தேன். சதுப்பின் மேல் மிஷின் கொட்டகை, பனியை அமுக்கும் நாலு பெரிய வண்டிக்கு நிறுத்தம், அதை ஒட்டி டீசல் தொட்டி. அவர் அந்தத் தொட்டியையும் கறுப்பு வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சதுப்பிலிருந்து ஊருக்கு இறங்கும் ஓடையைப் பார்த்தார். பிறகு வரைபடத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“நீங்க போடுவீங்க,” என்றார். “நான் போட மாட்டேன். இன்ஜினியர் கையெழுத்து இல்லாம இது நடக்காது. தொட்டி இங்க வராது.”

கோட்டுக்காரர் ரஷ்ய மொழியில் என்னென்னவோ சொன்னார். தோலோத் ஒரே பதில்தான் சொன்னார்: தன் சொந்த ஊரிலும் ஒரு ஓடை இருக்கிறது என்று. எனக்கு அந்த நிமிஷம் அந்த மனிதரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும் போல இருந்தது.

அன்றைக்கு மாலையே குழு அங்கேயே புல்லில் உட்கார்ந்து கை தூக்கியது. காற்று மாறியதைக் கச்கின் எல்லோருக்கும் முன்னால் கண்டுகொண்டார், முதல் கை அவருடையது. தாஷ்-பெஷிக்கில் தூக்க முடியாத எதுவும் நிற்கக் கூடாது, தூக்க முடிந்ததும் ஒரே இடத்தில் இரண்டு வருஷம் நிற்கக் கூடாது, டீசல் மேலே ஏறவே கூடாது. இந்த மூன்றும் எழுதி ஒட்டப்பட்டன. மறுநாள் காலையில் ஓடைக்கரையில் டங்டங்கென்று சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், கூட்டத்தில் அதிகமாகச் சிரித்த அதே ஆட்கள் தங்கள் சிமெண்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். என் வேனுக்குப் பத்து நாள் ஓய்வே இல்லை. அந்தத் தடவை நான் வாடகை வாங்கவில்லை.

கம்பெனி ஓடிப்போகவில்லை. பதினோரு மாதம் முனகியது, பிறகு தோலோத் வரைந்த புது வரைபடத்துக்கு ஒத்துக்கொண்டது. ஊர் நுழைவாயிலில் பழைய கூட்டுப்பண்ணையின் ஆட்டுமயிர்க் கொட்டகைகள் கூரையில்லாமல் கிடந்தன. ஹோட்டல், வண்டி நிறுத்தம், தொட்டி எல்லாம் அங்கே போயின. ரோப்கார் அங்கேயே தொடங்கி, புல் இல்லாத கல் முகட்டு வழியாக ஏறுகிறது. முன்னே போட்ட திட்டத்தைவிட நீளம், செலவும் கூடுதல். ஆனால் விருந்தாளி ஊரில் தூங்குவதால், ரொட்டி சுடுபவளிலிருந்து குதிரைக்காரன் வரை எல்லோருக்கும் அவன் கண்ணில் படுகிறான். மேலே போனால் நடக்கலாம், குதிரை ஏறலாம், கூடாரத்தில் சூப்புக் குடிக்கலாம். கட்டில் போட்டு நிரந்தரமாகக் குடியேற மட்டும் முடியாது. மாஸ்கோவிலிருந்து பதினெட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். மிர்லான் முதல் ஆள்.

போன ஜூலையில் ரோப்கார் திறந்தார்கள். ஆடு வெட்டி, ஆசி சொல்லி, எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டதும், முதல் நாற்காலி செயில்கானுக்கு என்று தோலோத் அறிவித்தார். அண்ணன் தரையை விட்டு எழும்ப மறுத்துவிட்டார், ஆகவே பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். மிர்லான் கம்பெனிச் சட்டையில் வந்து எங்கள் மடிக்கு மேல் கம்பியை இறக்கிப் பூட்டினான். “பயப்படாத அம்மா, நான்தான் ஓட்டுறேன்,” என்றான். அதுதான் பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

ஆறு வயதிலிருந்து குதிரைமேல் இருக்கிற பெண். நாற்காலி தரையை விட்டுக் கிளம்பி முதல் தூணில் குலுங்கியதும் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஷர்ஷென், என்னை இறுக்கிப் புடி,” என்றாள்.

முப்பது வருஷம். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொல்லிக் காட்டினால் மறுபடி புகைச்சலாகிவிடுவேனே.

முகட்டைத் தாண்டியதும் தாஷ்-பெஷிக் முழுசாகக் காலுக்குக் கீழே விரிந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடச் சுவரில் போட்ட அதே படம், அதே உயரம். சதுப்பு பளபளத்தது. ஓடைக்கரையில் ஐம்பது குதிரைகள் தலை குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. கூடாரங்கள் மேட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, முந்தின வருஷம் இருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. மதினி என் கையை விட்டுவிட்டுக் கம்பிமேல் சாய்ந்து கீழே தேடினாள். நாற்பது வட்டத்தில் ஒரு வெள்ளைகூட இல்லை. ஓடையின் மேல் முனையில் தொப்பி அளவுக்கு ஒரு கறுப்பு மட்டும் இருந்தது. அதைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். புதிதாகக் கூடாரம் போட வருகிறவர்களைக் கச்கின் முதலில் அங்கேதான் கூட்டிப்போய் நிறுத்துகிறார். அதற்கு முந்தின வருஷம் அது சேணத் துணி அளவுக்கு இருந்தது.

பின்னால் வந்த நாற்காலியில் இருந்த அல்மாட்டி நகரத்து இளைஞன் ஒருவன் போனில் பழைய படத்தை வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டான். முன்பு இங்கே வரிசையாகக் கூடாரங்கள் இருந்தனவாமே, எந்த இடத்தில் என்று கேட்டான்.

“எனக்கே தெரியல தம்பி,” என்றாள் செயில்கான்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆட்டைத் திருப்புகிற அந்தக் குரலில், கண்ணில் தண்ணீர் வழிய, நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள். கீழே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த குதிரைகளில் ஒன்று தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. பிறகு மறுபடி குனிந்து குடித்தது.